அறுபது கட்டங்களில் உன்னைப் பார்த்தேன்

அண்ணா, எழுதுவது உன் தங்கை நான், சொல்வது அப்பா. அவர் சொல்வதைக் கூட்டாமலும் குறைக்காமலும், எனக்குக் கஷ்டமான இடங்களையும் விடாமல், உண்மையாக எழுதுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். ஒரே ஒரு மாற்றம் செய்கிறேன். அப்பாவின் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறேன். யாராவது பேசியதை அவர் சொல்லிக்காட்டினால் அதை மட்டும் பேசியபடியே வைக்கிறேன். கோடில்லாத வெள்ளைத் தாளில், தடித்த கறுப்புப் பேனாவால், பெரிய பெரிய எழுத்தாக எழுதச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். எழுதி முடிப்பதற்குள் உனக்கே புரியும் என்றார். இன்று ஞாயிற்றுக்கிழமை. தேர்வுக்குப் படிக்க நான் எழுகிற நேரம், அதிகாலை நாலரை. அம்மா இன்னும் தூங்குகிறாள். இனி அப்பா.

தம்பி, நன்றாக இருக்கிறாயா சாமி? இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். பேசியும் பார்த்தேன். குமாரபாளையத்தில் உன் நிச்சயம் முடிந்து நீ பெங்களூர் திரும்பிய மூன்றாம் நாள் உன்னைக் கூப்பிட்டு இரண்டு கேள்விதான் கேட்டேன். "உனக்கும் பக்கவாட்டுல தெரியறதில்லையா?" என்பது முதலாவது. நீ "ஆமாங்கப்பா" என்றாய். "தாரணிக்குத் தெரியுமா?" என்பது இரண்டாவது. அதற்கு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "கல்யாணம் முடியட்டுங்கப்பா, அப்புறம் பொறுமையாச் சொல்லிக்கலாம். அதுக்குள்ள உங்களுக்கு வெச்சதவிட நல்ல மிசினே வந்துரும்" என்று சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். தையில் முகூர்த்தம். அதற்குள் அந்தப் பெண்ணுக்கு இது தெரியவேண்டும் என்பதுதான் இந்தக் கடிதம். போனை வைத்துவிடுவதுபோல் காகிதத்தை வைத்துவிட முடியாது. மேசையில் கிடந்துகொண்டே இருக்கும். காகிதத்தில் எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், உன் கண் விஷயத்தை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லவேண்டும். இரண்டு கண்ணும் போன ஒருவன், கண் உள்ள மகனிடம் அதைக் கண்டுபிடித்தான் என்றால் உனக்கே வியப்பாக இருந்திருக்கும். அதற்கு என் கண்ணுக்குள் வைத்த அந்தச் சின்னத் தகட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்று வருடங்களுக்கு முன்பு, சோதனை முறையில் சிலருக்கு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உன் அம்மாதான் அலைந்து என்னைச் சேர்த்துவிட்டாள். நீ அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆபரேஷனுக்கு வந்துவிட்டு அடுத்த நாளே போய்விட்டாய். தகட்டை முதல்முதலாக இயக்கிய நாளில் நீ இல்லை. என் கறுப்புக் கண்ணாடியின் நடுவில் ஒரு சின்னக் கேமரா இருக்கிறது அல்லவா, அது பார்ப்பதை இடுப்பில் இருக்கிற பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதைப் புள்ளிகளாக மாற்றி, வலது கண்ணுக்குள் விழித்திரையின்மேல் ஒட்டியிருக்கும் தகட்டுக்கு அனுப்பும். தகட்டில் அறுபது புள்ளி. பத்து வரிசை, வரிசைக்கு ஆறு. ஒவ்வொன்றும் விழித்திரையை லேசாகச் சுண்டும். சுண்டிய இடத்தில் ஒரு வெளிச்சப் பொறி தெரியும். அவ்வளவுதான். நிறம் இல்லை, முகம் இல்லை, எழுத்து இல்லை.

அன்று பெட்டியைத் திறந்துவிட்டு, "என்னங்க தெரியுது, ஐயா?" என்று கேட்டார்கள். பத்து வருட இருட்டில் திடீரென்று வெள்ளைக் கட்டங்கள். சில எரிந்தன, சில எரியவில்லை. நான் வாய்விட்டுச் சொன்னேன்: "ஏனுங்க, இது கிராப்பாச்சே!" அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற உன் அம்மாவுக்குப் புரிந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். இளம்பிள்ளையில் இருபது வருடம் சேலைக்கு கிராப் போட்ட கை இது. கட்டம் போட்ட தாளில் பார்டருக்கு அன்னமும் முந்திக்கு மயிலும் கட்டம் கட்டமாக நிரப்புவேன். நிரப்பிய கட்டம் என்றால் கொக்கி நூலைத் தூக்கும், காலிக் கட்டம் என்றால் தூக்காது. அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். அட்டைகளை மாலையாகக் கோத்துத் தறிக்கு மேலே ஓட்டுவார்கள். ஒரு மயிலுக்கு ஆயிரக்கணக்கான கட்டம் போட்டவனுக்கு, உலகம் முழுவதையும் அறுபது கட்டத்தில் கொடுத்தார்கள்.

முதல் இரண்டு மாதம் தப்பாகவே பயன்படுத்தினேன். நேராக நின்று உற்று உற்றுப் பார்ப்பேன். ஒன்றும் விளங்காது. நாமக்கல்லிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த டீச்சர், "கண்ண அசைக்காதீங்க, கழுத்த அசைச்சுப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். ஒருநாள் வாசலில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுத் தறி ஓடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் அட்டை திரும்பும். தறி மயிலை மயிலாகப் பார்க்கிறதா என்ன? ஒரு அட்டைக்கு ஒரு வரிதான் அதற்குத் தெரியும். வரி மேல் வரி விழ விழத்தான் மயில் வருகிறது. அன்றிலிருந்து கழுத்தை இடமிருந்து வலம் ஓட்டினேன், ஒரு நிறுத்தம், பிறகு வலமிருந்து இடம், ஒரு நிறுத்தம். ஒவ்வொரு ஓட்டத்தையும் மனதில் ஒரு வரியாக வைத்தேன். நான்கைந்து ஓட்டத்தில் வாசற்படி வந்தது. பிறகு வாசல் கேட் வந்தது. உன் அம்மா அதற்குப் பெயரே வைத்துவிட்டாள், 'அட்டை ஓட்டறது' என்று. "தள்ளி நில்லு சாமி, உங்கப்பா அட்டை ஓட்டறாரு" என்று உன் தங்கையிடம் சொல்வாள். (அண்ணா, இது நான். அம்மா இப்போதும் அப்படித்தான் சொல்கிறாள்.)

வீட்டில் என்னென்ன மாறியிருக்கிறது என்பதை விடுமுறைக்கு வந்தபோது நீ பார்த்திருப்பாய், கேட்டதில்லை. கதவுகளின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்ட் பட்டை அடித்திருப்பது எனக்காக. கண் இல்லாதவனுக்கு மூடிய கதவும் எதிரி இல்லை, திறந்த கதவும் எதிரி இல்லை. பாதி திறந்த கதவுதான் நெற்றியைப் பிளக்கும். இப்போது அந்த வெள்ளைக் கோடு தெரிந்துவிடுகிறது. வெள்ளைமேல் வெள்ளை வைக்காதீர்கள் என்று டீச்சர் சொன்னதால் உன் அம்மா கறுப்புத் தட்டு வாங்கி வந்தாள். இட்லி நிலாவைப்போல் தெரிந்தது. ஆனால் பக்கத்திலிருந்த தேங்காய்ச் சட்னியும் ஒரு நிலாவாகத் தெரிந்தது. நான் சட்னியைப் பிட்டு இட்லியில் தொட்டேன். "நல்ல வேளை, கண்ணு தெரிய ஆரம்பிச்சதும் புதுசாச் சாப்பிடப் பழகிட்டீங்க" என்றாள். அன்றிலிருந்து தக்காளிச் சட்னிதான். கறுப்பு டம்ளரில் நானே மோர் ஊற்றிக்கொள்கிறேன்; வெள்ளை வட்டம் பெரிதானதும் நிறுத்திவிடுவேன். கொடியிலிருந்து என் வேட்டியை நானே எடுக்கிறேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போன பிறகும் அவரோடு பேசிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. ஆனால் முதல் வாரத்தில், வெள்ளைப் போர்வை போட்டு மூடியிருந்த உன் மோட்டார்சைக்கிளைப் பார்த்து, "வாங்க, எப்ப வந்தீங்க? உக்காருங்க" என்று சொல்லியிருக்கிறேன். "அது எங்கீங்க உக்காரும்? நாமதான் அதுமேல உக்காரோணும்" என்றாள் உன் அம்மா. விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்று எனக்கே தெரிகிறது. அது உனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். யாரையும் கேட்காமல் ஒரு விளக்கை அணைக்கிறவனுக்குத்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

இதெல்லாம் நல்ல கதை. இனிச் சொல்லப்போவது என் தப்புகள். உனக்கு அறிவுரை சொல்வதற்கு முன்னால் அவற்றைச் சொல்லியாகவேண்டும்.

எனக்குப் பதினைந்து வயதிலேயே இருட்டினால் வழி தெரியாது. வீட்டில் அதற்கு மாலைக்கண் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையும் வாரம் தவறாமல் கொடுத்தார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது, "மாலைக்கண்ணெல்லாம் ஒரு நோவா? பொண்ணூட்டுல போய்ச் சொல்லிக்கிட்டு இருக்காதே" என்று என் அப்பா சொன்னார். எனக்கும் அது வசதியாக இருந்தது. பகலில் பக்கவாட்டிலும் தெரியாமல் போக ஆரம்பித்திருந்ததை நான் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ஈரல் தின்றால் தீர்ந்துவிடுகிற ஒரு பெயருக்குப் பின்னால் பெரிய நோயை ஒளித்து வைத்துக்கொண்டேன். நோயைவிட அந்தப் பெயர்தான் என்னை அதிகம் கெடுத்தது.

கல்யாணமான மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் போனோம். பஸ் தாமதமாகி, இறங்கும்போதே இருட்டத் தொடங்கிவிட்டது. உன் அம்மாவின் வீட்டுக்கு வாய்க்கால் ஓரமாக அரை மைல் நடக்கவேண்டும். பஸ் போன தூசி அடங்குவதற்குள் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காலத்தில், அதுவும் மாமியார் ஊரில், புது மாப்பிள்ளை நாலு பேர் பார்க்கக் கையைப் பிடித்து நடப்பது பெரிய துணிச்சல். கிணற்றடியில் நின்ற பெண்கள், "ஏனுங்க மாப்ள, புடிச்ச கைய ஊடு வரைக்கும் உடமாட்டீங்களாட்டிருக்குது" என்று கேலி செய்தார்கள். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் அவள் விரல்கள் என் விரல்களை இறுக்கின. அவளுக்கு அது பெருமை. பிறகு பல வருடம் தன் தோழிகளிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

உனக்கு இரண்டு வயது ஆனபோது, ஒரு பொழுது சாயும் நேரம் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். சாக்கடைப் பாலத்தின் விளிம்பு எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் விழுந்தோம். உன் இடது புருவத்தில் இருக்கும் தழும்பு அதுதான். நீ தொட்டிலிலிருந்து விழுந்ததாக உன்னிடம் சொல்லியிருக்கிறோம், அது பொய். உன் காயத்தைக் கழுவிக்கொண்டே உன் அம்மா, "அத்தாச்சோட்டுப் பெரிய பாலம், எப்படீங்க தெரியாமப் போச்சு?" என்று கேட்டாள். அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப அன்னைக்கு என் கையப் புடிச்சது, வழிக்குத்தானுங்களா?"

அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டேன் தம்பி. வழிக்கும்தான், அவள்மேல் ஆசைக்கும்தான் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் மறைத்தவன் சொல்லும் உண்மையை யார் நம்புவார்கள்? அவள் என்னை விட்டுப் போகவில்லை. சண்டை போடவும் இல்லை. பிறகு கேலிகூடப் பேசினாள். "மாலைக்கண்ணுன்னு தெரிஞ்சிருந்தா நீங்க மாலை போட வந்தப்பவே பாத்திருப்பன், எங்கழுத்துக்குப் போடறீங்களா, எங்கக்கா கழுத்துக்குப் போடறீங்களான்னு" என்பாள். ஆனால் அந்த வாய்க்கால் கதையை அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொன்னதில்லை. என் கண்ணை மறைத்ததில் அவளுக்குக் கண் பார்வை உள்ள மாப்பிள்ளை கிடைக்காமல் போனான் என்பதல்ல நஷ்டம். அவள் சந்தோஷமாக வைத்திருந்த ஒரு மாலைப்பொழுதைப் பின்னால் போய்த் திருடிவிட்டேன்.

(அண்ணா, இதை எழுதும்போது நான் கொஞ்சம் நிறுத்திவிட்டேன். "எழுது சாமி, உட்டுறாதே" என்றார்.)

அதற்குப் பிறகாவது திருந்தினேனா என்றால், இல்லை. வீட்டில் சொன்னேன், வேலையில் மறைத்தேன். ஒருமுறை அன்னப் பார்டர் ஒன்றுக்கு கிராப் போட்டபோது, பார்வை குறுகிப்போய், ஒரு வரிசையைத் தாண்டிவிட்டேன். தறியில் ஏறி இறங்கிய சேலையிலெல்லாம் அன்னத்தின் கழுத்து ஒடிந்து வந்தது. முதலாளி, அட்டை அடித்த மாரியப்பன்மேல் பாய்ந்தார். மாரியப்பன் என் முகத்தைப் பார்த்தார் என்று பிறகு சொன்னார்கள். நான் கிராப் தாளைச் சுருட்டிக்கொண்டு பேசாமல் நின்றேன். அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, கண் சுத்தமாகப் போன பிறகு, உன் அம்மாவை அழைத்துக்கொண்டு தாரமங்கலத்தில் அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் தறியை நிறுத்திவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "கிராப்பு தப்புன்னு அட்டை அடிக்கறப்பவே எனக்குத் தெரியுமுங்க. நீங்களே சொல்லுவீங்க, நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தன். வேலை போயி நான் கேட்டைத் தாண்டற வரைக்கும் பாத்தன்." பிறகு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.  நாம் மறைப்பதாக நினைக்கிற விஷயம் பல சமயம் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. நம் வாயிலிருந்து வருமா என்று அவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உன் நிச்சயத்துக்கு வருகிறேன். குமாரபாளையத்தில் அந்தக் கூடத்தில் நான் உன் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். மாலை ஆறு மணி இருக்கும். பெட்டியை முழுதாகச் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். மகன் நிச்சயத்தில் அறுபது கட்டத்துக்கு எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவையும் பார்த்துவிடவேண்டும் என்று. உனக்கு மீசை தாடி வந்ததை நான் பார்த்ததில்லை. உனக்குப் பதினாறு வயது இருக்கும்போது பார்த்த முகம்தான் என்னிடம் இருக்கிறது. அன்றும் முகம் தெரியாது என்று தெரியும். உன் வெள்ளைச் சட்டை ஒரு வெள்ளைக் கட்டையாகத் தெரிந்தாலே போதும் என்று உட்கார்ந்திருந்தேன். தாரணி காபி கொண்டுவந்தாள். கரும்பச்சைப் பட்டு கட்டியிருந்தாள் என்று உன் தங்கை பிறகு சொன்னாள். எனக்கு அது வெறும் இருட்டு. அந்த இருட்டின்மேல் எவர்சில்வர் டம்ளர் பளிச்சென்று ஒரு பொறியாக வந்து நின்றது. உனக்கு இடது பக்கம். "காபி எடுத்துக்குங்க" என்று மெதுவாகச் சொன்னாள். நீ எதிரில் இருந்த அவள் அப்பாவோடு தறி பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். பொறி அங்கேயே நின்றது. நான் மூன்று முறை மூச்சு விட்டேன். அது நின்றுகொண்டே இருந்தது. பிறகு அந்தப் பொறி மெதுவாக நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து உன் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. "தேங்க்ஸுங்க" என்று நீ சொல்வது கேட்டது. பொறி மறைந்தது.

 உன் பக்கம் திரும்பி அட்டை ஓட்டினேன். உன் வெள்ளைச் சட்டைக்கு மேலே உன் தலை அசைந்துகொண்டிருந்தது. இடமிருந்து வலம், ஒரு நிறுத்தம். வலமிருந்து இடம், ஒரு நிறுத்தம். டம்ளரை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாய். கண் நன்றாக உள்ளவர்கள் அப்படித் தேடுவதில்லை தம்பி. கண்ணை மட்டும் உருட்டுவார்கள். எனக்கு அது இரண்டு மாதம் பயிற்சியில் வந்தது. நீ யாரும் சொல்லித்தராமல் கற்றிருக்கிறாய். என் மகன் அட்டை ஓட்டுகிறான் என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது என்று நினைத்தேன். (இது நான். அண்ணா, நானும் பார்த்தேன். தாரணி அண்ணி டம்ளரை நகர்த்தியபோது யாரையும் பார்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை. நீ எடுத்த பிறகுதான் கையை விட்டார். அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை; இந்தப் பெரிய கறுப்பு எழுத்து ஏன் என்பதும் இப்போதுதான் புரிகிறது. உண்மையாக எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.)

இதில் என் தப்பு ஒன்று உண்டு. உனக்குப் பன்னிரண்டு வயதில் உன்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். "இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருடத்துக்கு ஒருமுறை காட்டுங்கள், அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வர வாய்ப்பு உண்டு" என்றார்கள். நான் 'ஒன்றும் இல்லை' என்பதை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அடுத்த வருடம் போகவில்லை. அதற்கடுத்த வருடமும் போகவில்லை. மறதி இல்லை, பயம். உன் தங்கையை மட்டும் உன் அம்மா விடாமல் அழைத்துப் போகிறாள். இதுவரை அவளுக்கு ஒன்றும் இல்லை. உன்னை அழைத்துப் போயிருந்தால், நீ இதைத் தனியாக, சொல்ல ஆளில்லாமல் சுமந்திருக்கமாட்டாய். மறைப்பது எப்படி என்று உனக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். அதற்காக என்னை மன்னித்துவிடு சாமி.

மிசின் வரும் என்றாய். வரட்டும். என் அறுபது கட்டம் உன் காலத்தில் ஆறாயிரம் ஆகட்டும், நீ முகம் பார்க்கட்டும். ஆனால் அதை நம்பி ஒரு பெண்ணின் வாழ்க்கையை நீ தள்ளிப்போட முடியாது. எனக்கு வைத்ததைச் செய்தவர்கள் இப்போது புதிதாகச் செய்வதில்லையாம். போன ஆடி மாதம் கண்ணாடியின் ஒயர் விட்டுப்போய், சரியாகிற வரைக்கும் பதினோரு நாள் மறுபடியும் இருட்டு. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பதினோரு நாளில் ஒருநாளும் நான் இடித்துக்கொள்ளவில்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று உன் அம்மாவுக்குத் தெரியும். கதவை முழுதாகத் திறப்பாள், இல்லையென்றால் முழுதாக மூடுவாள். மிசின் எனக்குத் தட்டையும் கதவையும் வேட்டியையும் காட்டுகிறது. அதற்கு மேலே உள்ளதை, எனக்கு என்ன தெரியாது என்று தெரிந்த ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறாள். தாரணிக்கும் அப்படித் தெரிந்திருக்க உரிமை இருக்கிறது. தெரிந்த பிறகு வேண்டாம் என்று சொல்லவும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையைத்தான் நான் உன் அம்மாவுக்குக் கொடுக்கவில்லை.

அவளிடம் நான் சொல்லமாட்டேன். உன் தங்கையும் சொல்லமாட்டாள். அது உன் வாயிலிருந்து வரவேண்டியது. நீ போய் அவளை ஒரு பகல் வெளிச்சத்தில் பார். அவள் கையை முதல்முறை பிடிப்பதற்கு முன்னால் சொல். அப்படிச் சொல்லிவிட்டுப் பிடித்தால், அவள் ஒருநாளும் உன்னிடம் உன் அம்மா கேட்ட கேள்வியைக் கேட்கமாட்டாள். வாய் வரவில்லை என்றால் இந்தக் காகிதத்தை அவளிடம் கொடு. இதை எழுதச் சொன்ன இன்னொரு காரணம் அதுதான். தாரணி, நீ இதைப் படிக்கிறாய் என்றால், டம்ளரை நகர்த்தியதற்கு நன்றி கண்ணு. நீ எந்த முடிவு எடுத்தாலும் அந்த நன்றி மாறாது.

கடைசியாக ஒன்று. மிசின் வைத்து ஆறாவது மாதம், நம் கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் யார் துணையும் இல்லாமல், தடியும் இல்லாமல், அட்டை ஓட்டிக்கொண்டே நடந்து வந்தேன். உன் அம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். படியேறி, கதவின் வெள்ளைக் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி, அவள் கையைப் பிடித்தேன். "வழிதான் தெரியுதுன்னீங்களே, அப்புறம் கை எதுக்குங்க?" என்றாள். "வழிக்கு இல்ல" என்றேன். அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. உனக்கு அவ்வளவு நேரம் ஆகவேண்டாம்.

உன் அப்பா.

இனி மறுபடியும் நான், அண்ணா. உன் நிச்சயத்தைப் பற்றி அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா எழுந்து வந்து பின்னால் நின்றிருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "ஏனுங்க, காலங்காத்தால புள்ளயப் படிக்க உடாம என்ன எழுத்து?" என்று கேட்டாள். ஆனால் குரல் கம்மியிருந்தது. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சொல்றதையும் எழுது சாமி" என்றாள். அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, அந்தப் புள்ள டம்ளர நகுத்துனத நானும் பாத்தன். ஊட்டுக்கு வந்து உங்கப்பன்கிட்டச் சொல்லல. சொன்னா மனசு ஒடிஞ்சுருவாருன்னு உட்டுட்டன். அவரு அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு எனக்கு முன்னாடியே பாத்திருக்கறாரு பாரு. நீ அவகிட்டச் சொல்லிப்போடு. சொல்லிப்போட்டு, அவ என்ன சொன்னாலும் சரி, அன்னைக்கே பஸ் ஏறி ஊட்டுக்கு வா. ரெண்டு பேராப் பேசிட்டு வந்தாலும் சரி, ஒருத்தனா வந்தாலும் சரி. கதவு முழுசாத் தொறந்திருக்கும்."

இதை எழுதி முடித்தபோது அப்பா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். "விடிஞ்சிருச்சு சாமி, ஜன்னல் வெளுத்துருச்சு. லைட்டு எதுக்கு?" என்றார். நான் எழப்போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். தானே எழுந்து போய் டியூப்லைட்டை அணைத்தார். சமையலறைக்குப் போய் அங்கே அம்மா போட்டிருந்ததையும் அணைத்தார். திரும்பி வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்று இன்னொருமுறை தலையை ஓட்டினார். "இன்னும் ஒண்ணு எரியுது" என்றார். நான் மறந்துவிட்ட மேசை விளக்கு. இந்தத் தாளின்மேல்தான் எரிந்துகொண்டிருந்தது. இந்த வரியை எழுதிவிட்டு அதையும் அணைக்கிறேன்.

மணி ஆறரை. எல்லா விளக்கும் அணைந்தது, அண்ணா.